சந்தேகம் என்றால் சிவப்பு

மருந்து பாட்டில் மூடியில் கரும்புள்ளி வரலாம், ஓரத்தில் பிசிறு வரலாம், உள்ளே மரை சரியாக விழாமல் போகலாம், நிறம் மங்கலாம். மணவாளன் வேலைக்குச் சேர்ந்த அன்று லைன் சூப்பர்வைசர் புகழேந்தி இந்தக் குறைகள் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் ஒட்டிவைத்துக் காட்டினார். காட்டி முடித்துவிட்டு, "இதெல்லாம் நாளைக்கே மறந்து போவும். ஒண்ண மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. டவுட்டுன்னா ரெட்டு" என்றார்.

சேதராப்பட்டு கம்பெனியில் பெல்ட்டுக்கு இடதுபக்கம் சிவப்பு டிரே, வலதுபக்கம் பச்சை டிரே. நல்ல மூடி தவறிச் சிவப்பில் விழுந்தால் நஷ்டமில்லை. அரைத்து, உருக்கி, மறுபடி மூடியாக்கிவிடலாம். கெட்டது ஒன்று பச்சையில் போய்விட்டால் வாங்குகிறவன் லோடு முழுவதையும் திருப்பி அனுப்புவான். ஆகவே நின்று யோசிக்கிற வேலையே இல்லை. கண் கொஞ்சம் தயங்கினால் போதும், கை இடதுபக்கம் போய்விடும். இரண்டு வருடத்தில் மணவாளனின் கை அப்படிப் பழகிவிட்டது. நைட் ஷிஃப்டில் அவனைப் போல் கை கிடையாது என்று புகழேந்தி மற்றவர்களிடம் சொல்வார். மூளை என்று சொன்னதில்லை. மணவாளனும் எதிர்பார்த்ததில்லை.

அதற்கு முன்னால் அவன் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்து முதல் செமஸ்டரோடு நின்றவன். சண்டையில்லை, காதலில்லை. வீட்டுக் கஷ்டம் என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக எதுவும் இல்லை. வகுப்பில் என்ன நடக்கிறதென்று புரியவில்லை, அவ்வளவுதான். பள்ளியில் கணக்கை ஒரு படத்தைப் போல மனப்பாடம் செய்து, அதே படத்தைப் பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துப் பாஸானவன் அவன். கல்லூரியில் எண்களை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் பஸ்ஸே ஏறவில்லை.

இப்போது கல்லூரிக்குத் திரும்பி வந்ததற்கும் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. அவனுடைய லைனில் வெகுகாலம் மூடி பார்த்த ஒரு மனிதர் இருந்தார். கண்ணில் எந்நேரமும் நீர் வடிய, அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டுவதுதான் வேலை. அவர் குனிந்து டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருப்பதை மணவாளன் ஒருநாள் நின்று பார்த்தான். அந்த வாரமே கல்லூரிக்குப் போய் விசாரித்தான். படிப்பை விட்டு மூன்று வருடம் தாண்டியவர்களைத் திரும்ப எடுப்பதில்லை என்பது அங்கே விதி. அவனுக்கு இந்த வருடம்தான் கடைசி. அதிலும் நேராக உள்ளே விட மாட்டார்கள். ஒரு தேர்வு வைத்தார்கள், அதில் விழுந்தான். விழுந்தவர்களுக்கு பிரிட்ஜ் கோர்ஸ். கோர்ஸ் முடிவில் இன்னொரு தேர்வு. அதில் தேறினால் முதல் வருடத்தில் உட்காரலாம், இல்லாவிட்டால் வந்த வழியே போகலாம்.

பிரிட்ஜ் கோர்ஸ் நடந்தது கேன்டீனுக்குப் பின்னால், பழைய சைக்கிள் ஸ்டாண்டை மறைத்துக் கட்டிய அறையில். வெளியே 'அடிப்படைத் திறன் மேம்பாட்டு வகுப்பு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் அதை எல்கேஜி என்றார்கள். பதினோரு மணியானால் சாம்பார் கொதிக்கிற வாசனை வரும். அந்த வாசனை வந்ததும் மணவாளனுக்குத் தூக்கமும் வரும். காலையில் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி வேனில் பத்துக்கண்ணு வந்து இறங்கி, டீக்கடைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, டவுன் பஸ் பிடித்து வருகிறவன் அவன்.

பாடம் நடத்தியது ரோஸி மேரி மிஸ். வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். நிரந்தர வேலையில்லை, வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. எல்கேஜிக்கு யாரும் வர மாட்டேன் என்றதால் அவரிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். முதல் வாரத்தில் ஒரு சின்ன டெஸ்ட் வைத்துவிட்டு, பேப்பர் கட்டை மேசையில் தொப்பென்று போட்டார்.

"பதில் எழுதற எடத்துல கேள்வியையே திருப்பி எழுதி வெச்சிருக்கான் ஒருத்தன். அதுவும் அழகா, அடிக்கோடு போட்டு. யாருடா அது?"

பாக்யராஜ் எழுந்து நின்றான். மணப்பட்டிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவன், கடலோரத்துப் பையன். சட்டையில் எப்போதும் மேல் பட்டன் இருக்காது.

"கேள்விய எழுதுனா அரை மார்க்கு உண்டு மிஸ்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் மிஸ். ஹெட்மாஸ்டரே பிரேயர்ல சொன்னாரு. ஒண்ணியும் வுடாத, எதையாவது எழுதி ரொப்புன்னு."

வகுப்பு சிரித்தது. ரோஸி மேரிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து புதுவிதமான தாளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், ஐந்தாவதாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு மேலே 'தெரியாது' என்று போட்டிருந்தது.

"தெரியலன்னா அதுல டிக் பண்ணு. மார்க் வராது, ஆனா குறையவும் குறையாது. தெரியாம அடிச்சுவிட்டு அது தப்பா போச்சுன்னா கால் மார்க் போயிடும். உங்களுக்கு என்ன தெரியலன்னு எனக்குத் தெரியணும்பா. அப்பதான் அத்த நடத்த முடியும். வெக்கப்படாதீங்க."

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மற்றவர்களுக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் பாவம் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் கேட்டு வளர்ந்தவர்கள். ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, மனம் கேட்காமல் அதைக் கோடிட்டு அடித்து, 'சி' என்று போட்டார்கள். மணவாளன் ஒருவனுக்குத்தான் அது சுலபமாக வந்தது. முதல் டெஸ்டிலேயே பாதிக்கு மேல் தெரியாது. ரோஸி மேரி அவனுடைய தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாரு, ஒரு தப்பு கூட இல்ல. தெரிஞ்சத போட்டிருக்கான், தெரியாதத தெரியாதுன்னு போட்டிருக்கான். இப்படித்தான் இருக்கணும்."

அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் தெரியாதண்ணன். வகுப்பில் எல்லோரையும்விட இரண்டு மூன்று வயது மூத்தவன் என்பதால் அண்ணன். பெயர் வைத்தது முன்பெஞ்சு அர்ச்சனா.

"தெரியாதண்ணே, மணி இன்னா?"

"பதினொண்ணரை."

"ஐய, அது தெரியுது பாரேன்."

"வாட்ச்ல நம்பர் கீதுடி" என்பான் பாக்யராஜ். "முள்ளு வாட்ச் குடுத்துப் பாரு, அப்ப தெரியும் சங்கதி."

கேலி அவன்மேல் பட்டு அப்படியே கீழே விழுந்துவிடும். இரவெல்லாம் டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளை மூடிகளைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, பகலில் எல்லாமே கொஞ்சம் தள்ளித்தான் நடக்கும்.

ஆனால் பாடம் ஏறியது. பின்னம், சதவீதம், மைனஸ் கணக்கு என்று ஒவ்வொன்றாக ஏறியது. முக்கால் என்றால் நாலில் மூன்று பங்கு, மிச்சம் ஒரு பங்கு எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்பது ஒருநாள் சட்டென்று புரிந்தது. சந்தோஷம் எதுவும் வரவில்லை. இதெல்லாம் ஆறாவதிலேயே புரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. புரிந்த பிறகும், டெஸ்டில் கணக்கைப் போட்டு விடை வந்ததும், அதை ஒரு தடவை உற்றுப் பார்ப்பான். பார்க்கப் பார்க்க ஓரத்தில் ஏதோ பிசிறு தெரிவது போலிருக்கும். கை தானாக ஐந்தாவது கட்டத்துக்குப் போய்விடும். ரோஸி மேரி அவனுக்கு அது இன்னும் புரியவில்லை என்று நினைத்து, மறுபடியும் நடத்துவார். அவன் மறுபடியும் கேட்டுக்கொள்வான்.

வீடு திருக்கனூர் தாண்டி, மண்ணாடிப்பட்டு கொம்யூனில் ஒரு கிராமம். வகுப்பு முடிந்து போய்ச் சேர்ந்து, சோறு தின்று, படுக்கப் போகிற நேரத்தில்தான் அவனுடைய அப்பா கண்ணையன் வயலிலிருந்து வருவார். சொர்ணவாரிப் பட்டத்து நெல் முற்றி நின்றது. தினமும் சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அறுவடை மெஷின் ஊருக்கு ஒன்றுதான் வரும். அதற்கு ஊரே காத்திருந்தது.

"மெஷின்காரனுக்குப் போன் போட்டியா?"

"போட்டன்."

"இன்னாடா சொன்னான்?"

"பாக்கலாம்னான்."

"பாக்கலாம்னா? நாளைக்கு வருவானா, மாட்டானா?"

"தெரியலப்பா."

கண்ணையன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவனை ஒரு மாதிரி பார்த்தார். "உன்ன எத்த கேட்டாலும் இதான் பதிலு. காலேஜிக்குப் போயி இத்தக் கத்துகினு வந்தியா?"

"தூங்க வுடு அவன. ராத்திரி வேலைக்குப் போற புள்ள" என்று உள்ளேயிருந்து அம்மா சின்னபொண்ணு சொன்னாள்.

"நான் இன்னா அவன முழிச்சிகினு இருன்னா சொன்னன்? நெல்லு சாஞ்சா யாருக்கு நட்டம்?"

மணவாளன் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான். கண்ணை மூடினால் மூடிகள் வரும். அதற்கும் பழகிவிட்டான்.

கடைசித் தேர்வை ரோஸி மேரிதான் தயாரித்தார். அதே மாதிரித் தாள், அதே ஐந்தாவது கட்டம். நாற்பது கேள்வி, பாதி எடுத்தால் போதும். "வழக்கமா எழுதற மாதிரியே எழுதுங்க, பயப்படாதீங்க" என்றார். மணவாளன் வழக்கமாக எழுதுகிற மாதிரியே எழுதினான். எல்லாக் கணக்கையும் போட்டான். நேரமும் மிச்சமிருந்தது. மிச்ச நேரத்தில் ஒவ்வொரு விடையையும் திரும்பப் பார்த்தான். அதுதான் கெடுத்தது. திரும்பப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக ஐந்தாவது கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டே போனான். பெல் அடித்துத் தாளைக் கொடுத்தபோது நல்ல வேலை செய்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த வாரம் ரிசல்ட்டை ரோஸி மேரி வகுப்பில் வாசித்தார். அர்ச்சனா நல்ல மார்க். பாக்யராஜ் மயிரிழையில் தப்பித்தான்.

"பாதிக் கணக்கு போட்டன், மீதிக்குக் கண்ண மூடிக்கினு சி போட்டன்டா" என்று மணவாளனின் காதில் சொன்னான். "சி எப்பயும் நம்மள கைவுடாது."

மணவாளனுக்குப் பதினான்கு. அவன் விடை போட்டது பதினான்கு கேள்விக்குத்தான். பதினான்கும் சரி. மீதி எல்லாம் தெரியாது.

வகுப்பில் யாரும் கேலி பேசவில்லை. அர்ச்சனா திரும்பிப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு ரோஸி மேரி அவனை உட்காரச் சொன்னார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர் பெஞ்சில் சாய்ந்து நின்றார்.

"மூணுல ரெண்டு பங்கு, நாலுல ஒரு பங்கு. ரெண்டையும் கூட்டினா?"

"பன்னெண்டுல பதினொண்ணு மிஸ்."

"இருபது பர்சென்ட் ஏத்தி, அப்புறம் இருபது பர்சென்ட் கொறச்சா, பழைய வெலைக்கே வந்துடுமா?"

"வராது மிஸ். கொஞ்சம் கொறயும்."

"எவ்ளோ?"

"நூத்துக்கு நாலு."

இப்படியே அவர் தாளில் ஒவ்வொரு கேள்வியாக இறங்கிக்கொண்டு போனார். அவன் சொல்லிக்கொண்டே போனான். ஒன்றிரண்டுதான் தப்பு. பாதி வழியில் ரோஸி மேரி தாளை மடித்துவிட்டார்.

"இதெல்லாம் தெரியுதுல்ல? அப்புறம் ஏன்டா போடல?"

"டவுட்டா இருந்துச்சு மிஸ்."

"எதுல டவுட்டு?"

அவன் யோசித்தான். "எதுலன்னு இல்ல மிஸ். சும்மாவே. விடை வந்ததும் டவுட்டா ஆயிடுது." பிறகு, அவர் விடாமல் பார்த்துக்கொண்டே நின்றதால், கம்பெனியைப் பற்றிச் சொன்னான். சிவப்பு டிரே, பச்சை டிரே, புகழேந்தி சொன்னது. நல்லதைச் சிவப்பில் போட்டால் நஷ்டமில்லை என்பது.

ரோஸி மேரி மடித்த தாளை மறுபடி பிரித்தார். கேன்டீனில் யாரோ பாத்திரத்தைப் போட்டு உருட்டினார்கள்.

"தெரியாதுன்னு போட்டா எதுவும் குறையாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "பேப்பரத் தூக்கி எல்லாருக்கும் வேற காட்டினேன்."

"நீங்க இல்ல மிஸ். அது முன்னாடியே அப்படித்தான்."

ஆறுதலுக்காக அவன் அதைச் சொல்லவில்லை. அது அப்படித்தான் என்பதால் சொன்னான்.

மறுநாள் அவர் துறைத் தலைவர் ஜெயசீலனிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. மறுதேர்வு கிடையாது, ஆனால் சார் நேரில் ஐந்து கேள்வி கேட்பார், மூன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னால் சேர்த்துக்கொள்வார் என்றார். வெள்ளிக்கிழமை காலை.

"உனக்கு அஞ்சும் தெரியும். தைரியமா சொல்லு, போதும். நானும் உள்ள இருப்பேன், ஆனா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

வெள்ளிக்கிழமை மணவாளன் பத்துக்கண்ணில் முகம் கழுவும்போது பையிலிருந்து வேறு சட்டை எடுத்து மாற்றிக்கொண்டான். டீக்கடைக்காரர், "இன்னாபா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றார். அவன் டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினான்.

ஜெயசீலன் கெட்ட மனிதர் இல்லை. அவர் மேசையில் ஃபைல்கள் இரண்டு பக்கமும் ஏறி நின்றன. நடுவில் கிடைத்த இடைவெளியில் அவர் முகம் தெரிந்தது. போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டையும் கட் செய்தார். ரோஸி மேரி சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகித் திருகி எடுத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருப்பா. ஈஸியாதான் கேப்பேன். மைனஸ் ஏழோட ப்ளஸ் மூணைக் கூட்டினா என்ன?"

"மைனஸ் நாலு சார்."

"ஷ்யூரா?"

முப்பது வருடமாக வகுப்பில் கேட்டுக் கேட்டு வந்த வார்த்தை அது. சரியான விடைக்கும் கேட்பார், தப்பான விடைக்கும் கேட்பார். அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் மணவாளனின் கண் தயங்கியது. மைனஸ் நாலை உற்றுப் பார்த்தான். ஓரத்தில் ஏதோ தெரிந்தது.

"இல்ல சார். ஒரு டவுட்டு."

ஜெயசீலன் முன்னாலிருந்த தாளில் ஏதோ கிறுக்கினார். "சரி. ஒரு நம்பர்ல முக்கால் பங்கு அறுபது. அந்த நம்பர் என்ன?"

"எண்பது சார்."

"ஷ்யூரா?"

பேனா மூடி திருகுகிற சத்தம் நின்றது. மணவாளன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எண்பதுதான். நாலு இருபது எண்பது, அதில் மூன்று இருபது அறுபது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறதே என்பதே ஒரு மாதிரி இருந்தது.

"தெரியல சார்."

"அப்ப தெரியாதுன்னே போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க சார்."

ஜெயசீலன் நிமிர்ந்து ரோஸி மேரியைப் பார்த்தார். இவனுக்காகவா என்னிடம் வந்து அவ்வளவு நேரம் நின்றாய் என்கிற பார்வை. ரோஸி மேரி தலைகுனிந்துகொண்டார். அப்போதுதான் மணவாளனுக்குக் கணக்கு உறைத்தது. இரண்டு போயிற்று. மிச்சம் மூன்று. மூன்றும் வேண்டும். இனிமேல் ஒன்றுகூட இடதுபக்கம் போக முடியாது.

"எண்ணூறு ரூபா சட்டை. பதினஞ்சு பர்சென்ட் தள்ளுபடி. எவ்ளோ குடுப்ப?"

"அறுநூத்தி எண்பது சார்."

"ஷ்யூரா?"

"ஷ்யூர் சார்."

சொன்ன பிறகு, கெட்ட மூடி ஒன்றைப் பச்சையில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. ஜெயசீலன் தலையாட்டினார். "குட். ரெண்டு எக்ஸ், ப்ளஸ் அஞ்சு, ஈக்வல் டு பத்தொன்பது. எக்ஸ்?"

"ஏழு சார்."

"ஷ்யூரா?"

"ஷ்யூர் சார்."

"குட். பாத்தியா, தெரியுது. வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்ற." அவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். இப்போது அவருக்கே இந்தப் பையன் தேறினால் தேவலை என்றிருந்தது போல. "கடைசி. வில்லியனூர்ல இருந்து திண்டிவனத்துக்கு பஸ் மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போவுது. அதே வழியில திரும்பி வர்றப்ப அறுபது. மொத்தத்துக்கும் சராசரி வேகம் எவ்ளோ?"

நாற்பதும் அறுபதும் நூறு. பாதி ஐம்பது. விடை உடனே வந்துவிட்டது.

"அம்பது சார்."

"ஷ்யூரா?"

உள்ளே ஏதோ முனகியது. மெதுவாகப் போகிற பஸ்ஸில் அதிக நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வேகமாக வருகிற பஸ்ஸில் சீக்கிரம் இறங்கிவிடலாம். அது அவன் உடம்புக்குத் தெரியும், தினமும் பஸ்ஸில் தூங்குகிறவன். இரண்டு பக்கமும் ஒரே நேரமில்லையே, அப்புறம் எப்படிப் பாதி? ஐம்பதின் ஓரத்தில் தெளிவாகவே ஒரு புள்ளி தெரிந்தது. ஆனால் மைனஸ் நாலின் ஓரத்திலும் இதே புள்ளிதான் தெரிந்தது, எண்பதின் ஓரத்திலும், ஏழின் ஓரத்திலும். அவை நல்ல மூடிகள்.

"ஷ்யூர் சார்" என்றான்.

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாப்பத்தெட்டு. எல்லாரும் விழற எடம்தான் இது. மெதுவா போறப்ப நேரம் அதிகம்ல? கொஞ்சம் யோசிச்சிருந்தா வந்திருக்கும்." தாளில் கீழே கையெழுத்துப் போட்டார். "ரெண்டு. மூணு வேணும்பா. ஸாரி."

சொன்ன விதத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அதற்குள் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

வெளியே பாக்யராஜ் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். முதல் வருட வகுப்பு தொடங்க இன்னும் நாளிருந்தது. இதற்காகவே மணப்பட்டிலிருந்து வந்திருந்தான். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "வா, டீ அடிக்கலாம்" என்றான்.

"இப்பதான் குடிச்சன்."

"அப்ப இன்னொண்ணு அடி. செத்தா போயிடுவ?"

மணவாளன் வேண்டாம் என்று தலையாட்டினான். பாக்யராஜ் தூணை விட்டு நகர்ந்தான். "சி போட்டிருக்கலாம்டா நீ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரோஸி மேரி ஸ்கூட்டி நிறுத்துமிடம் வரை அவனோடு நடந்தார். சாவியைப் போட்டுவிட்டு, திருகாமல் நின்றார்.

"அந்தக் கடைசிக் கணக்கு. சொல்றப்ப உனக்கு டவுட்டு வந்துச்சா?"

"வந்துச்சு மிஸ்."

"என்ன டவுட்டு?"

"மெதுவா போற பஸ்ல ரொம்ப நேரம் உக்காரணுமேன்னு."

அவர் அவனையே பார்த்தார். அதுதான் விடைக்குப் போகிற வழி. அவனுக்கு அது வந்திருக்கிறது. அவர்தான் தைரியமாகச் சொல்லச் சொன்னார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது. "அதுல சரியான டவுட்டு எது, சும்மா வர்ற டவுட்டு எதுன்னு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதைச் சொல்லிக்கொடுக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். அவனுக்கு வருடம் முடிந்துவிட்டது. அவருக்கும் வேலை அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாது.

"எனக்கே தெரியல மணவாளா" என்றார். "போய்த் தூங்கு."

ஸ்கூட்டி கேட்டைத் தாண்டிப் போனது. அவன் பஸ்ஸுக்கு நின்றான். துக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தான். வரவில்லை. அறுநூற்று எண்பது என்று சொன்னபோதும் ஐம்பது என்று சொன்னபோதும் வாய்க்குள் ஒரே மாதிரிதான் இருந்தது என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. சரியைச் சொல்வதற்கென்று தனி ருசி எதுவும் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஜெயசீலன் சார்கூட. இது யாரும் சொல்லித்தராத பாடம். தெரிந்துகொண்டதில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை.

பஸ்ஸில் தூங்கினான். திருக்கனூரில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

வீட்டில் சின்னபொண்ணு சோறு போட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னாச்சி?" என்று கேட்டாள்.

"இல்லன்ட்டாங்க."

"மறுபடி எழுதலாமா?"

"இல்லம்மா. முடிஞ்சிது."

அவள் ரசத்தை ஊற்றினாள். "கம்பெனி கீதுல்ல" என்றாள். பிறகு, அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்கே விளங்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கண்ணையன் வேகமாக வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில் மண்வாசனை இருந்தது, எங்கேயோ பெய்கிறது.

"பக்கத்து ஊர்ல மெஷின் எறங்கிடுச்சாம். அவனுக்குப் போன் போடு. நாளைக்கு வரலன்னா ஆள வெச்சு அறுத்துடலாம். இப்பவே சொன்னாத்தான் ஆளு கிடைக்கும். அப்புறம் போயி நின்னா எவனும் வரமாட்டான்."

மணவாளன் போன் போட்டான். மெஷின்காரன் எங்கேயோ இரைச்சலுக்கு நடுவில் இருந்தான். "பாக்கலாம் தம்பி, இங்க முடிஞ்சா வரன், மழ வுட்டா வரன், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது.

"இன்னான்றான்?"

மணவாளன் போனைச் சட்டைப் பையில் போட்டான். அவனுக்குத் தூங்க வேண்டும் போலிருந்தது.

"நாளைக்கி வரான்" என்றான்.

கண்ணையன் அவனை உற்றுப் பார்த்தார். இப்படி ஒரு பதிலை இவனிடமிருந்து அவர் எதிர்பார்க்கவில்லை. "நிச்சயமா சொன்னானா? நான் ஆளுக்குச் சொல்லாம இருக்கலாமா?"

"நிச்சயம்ப்பா."

அவருடைய தோள் இறங்கியது. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "சரி, அப்ப ஆளு வேணாம்" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். போகும்போது அவரிடம் ஒரு நிம்மதி இருந்தது.

மணவாளன் உள்ளே போய்ப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டான்.